தலையில் பட்ட அடி வெளியே தெரியாது

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று எந்நாளும் பேசுகிறோம். இன்று அதோடு இன்னொன்றும் பேச வேண்டியிருக்கிறது. மலையில் விழுந்து தலையில் அடிபட்டவரை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்?

மழைக்காலத்தில் கான் தாண்டும்போது கால் சறுக்குகிறது, தலை கல்லில் மோதுகிறது. கை முறிந்தால் கட்டு தெரியும். கால் வெட்டுப்பட்டால் ரத்தம் தெரியும். தலைக்குள் பட்டது யார் கண்ணுக்கும் தெரியாது. மறுநாள் பெரட்டுக்குப் போனால் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல். வெயில் கூசுகிறது. சத்தம் தாங்கவில்லை. சொன்னது மறந்துபோகிறது. அமைதியான மனுசிக்குக்கூட சட்டென்று கோபமும் அழுகையும் வருகிறது. மலையில் "வேலைக் கள்ளி" என்கிறார்கள். லயத்தில் "பேய் பிடிச்சிருக்கு" என்கிறார்கள். கள்ளமும் இல்லை, பேயும் இல்லை. மூளை குலுங்கியிருக்கிறது.

இப்படி ஆவதற்கு மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்றில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். மூளை குலுங்கியதை அது காட்டாது. அதனால் "ஸ்கேன் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி யாரையும் வேலைக்கு விரட்டக் கூடாது.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியது, அன்றைய வேலையை அத்தோடு நிறுத்துவது. பிறகு டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போய்க் காட்டுவது. தலைவலி கூடிக்கொண்டே போனாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், பேச்சுக் குளறினாலும், கை கால் சோர்ந்தாலும், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிந்தாலும், எழுப்பினால் எழும்பாவிட்டாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வயதானவர்களையும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களையும் எந்த அறிகுறிக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போக வேண்டும்.

வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் நித்திரை கொள்ளலாம். தூங்கவே விடக் கூடாது என்பது பழைய பயம். ஆனால் முதல் இரவு பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தலைவலிக்குப் பனடோல் போதும். அஸ்பிரின், புருஃபன் போன்றவற்றை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வலி மறக்கச் சாராயம் கொடுப்பது பெரிய ஆபத்து.

ஓய்வு எத்தனை நாள்? முதல் ஓரிரு நாள் நன்றாக இளைப்பாற வேண்டும். போனையும் டீவியையும் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் படுக்கையில் கிடப்பதும் நல்லதல்ல. மெதுவாக நடக்கலாம், வீட்டில் சின்ன வேலை பார்க்கலாம். தலைவலி கூடினால் நிறுத்தி, அடுத்த நாள் கொஞ்சம் குறைத்துச் செய்யலாம். அநேகம் பேருக்குச் சில வாரங்களில் சுகமாகிவிடும். சிலருக்கு மாதங்களாகும். அப்படியானவர்கள் கிளினிக்கை விடக் கூடாது.

இங்கேதான் தொழிற்சங்கத்தின் வேலை ஆரம்பிக்கிறது. நம் பெண்கள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில்தான் மாட்டுகிறார்கள். குலுங்கிய தலையில் அந்தப் பாரத்தை ஏற்றலாமா? தலை சுற்றுகிறவரைச் செங்குத்து மலையில் ஏற்றலாமா? சுகமாகும் முன் இன்னொரு தடவை தலையில் அடிபட்டால் நிலைமை மோசமாகிவிடும். வைத்தியர் லேசான வேலை என்று எழுதினால், சமதரையில், பாரமில்லாத, சத்தமில்லாத வேலையைக் கேட்போம். தவரணையில் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறது. முதலில் சில மணி நேரம், பிறகு அரை நாள், அப்புறம் முழு நாள். அந்த நாட்களில் பேர் வெட்டுப்படாமல் பேசி முடிப்பது நம் பொறுப்பு.

விழுந்த அன்றே விபத்தைத் தோட்ட ஆபீசில் எழுத்தில் அறிவியுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி தலைவரிடம் இருக்கட்டும். டிஸ்பென்சரித் துண்டையும் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்துங்கள். வேலையின் நிமித்தம் ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் வெளியே தெரியாத காயத்துக்கு வாய்ச்சொல் செல்லாது. கடதாசிதான் பேசும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்து விளையாடும்போது தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று திரும்பவும் விளையாட விடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லி வையுங்கள். கரும்பலகையைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்கிற பிள்ளையை அடிப்பதற்குப் பதிலாக, முதலில் அரை நாள் மட்டும் வரச் சொல்ல ஆசிரியர்களாகிய எங்களால் முடியும்.

தலைவிமாரே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் டிவிஷனில் இந்த வருடம் விழுந்து தலையில் அடிபட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். யாருக்கு இன்னும் தலைவலி, யாருக்குப் பேர் வெட்டுப்பட்டது என்பதையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு தோட்ட நிர்வாகத்திடம் போவோம்.