பிடித்தேனா, இல்லையா?

(இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கிரிக்கெட்டைப் பற்றிப் பேச நம்மில் வீட்டுக்கு மூவர் உள்ளனர். ஆகவே, பலரும் அறியாத ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன். அதன் பெயர் அல்டிமேட் ஃபிரிஸ்பீ. அணிக்கு எழுவர். 175 கிராம் எடையுள்ள நெகிழித் தட்டு ஒன்றைத் தம்முள் எறிந்து பிடித்தபடியே முன்னேறி, எதிர்முனைப் பகுதிக்குள் பிடித்துவிட்டால் ஒரு புள்ளி. தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடுதல் கூடாது. தட்டு தரையில் விழுந்தால் அது எதிரணிக்கு உரியது. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மேப்பிள்வுட் ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ஆட்டம் இது. அம்மாணவருள் ஒருவரான ஜோயல் சில்வர் பின்னாளில் ‘மேட்ரிக்ஸ்’ திரைப்படத்தைத் தயாரித்தவர். இன்று சென்னைக் கடற்கரை மணலிலும் இளைஞர்களும் இளம்பெண்களும் இதனை ஆடுகின்றனர்.

இவ்வாட்டத்தில் நடுவர் இல்லை. உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்திலும் தீர்ப்பு ஆடுவோருடையதே. இதனைக் கேட்டவுடன், “அப்படியானால் கூச்சலும் குழப்பமும்தானே மிஞ்சும்?” என்று நீங்கள் எண்ணக்கூடும். அங்கேதான் விதிகளின் நுட்பம் இருக்கிறது.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். தட்டு தாழ்ந்து வருகிறது. ஒரு வீரர் பாய்ந்து விழுந்து புல்லோடு புல்லாக அதனைப் பற்றுகிறார். தரையைத் தொடுமுன் பிடித்தாரா, தொட்டபின் பிடித்தாரா? இடைவெளி ஒரு விரற்கடையும் இராது. தட்டின் சுழற்சி நின்று, அது அவர் பிடிக்குள் முழுமையாக அடங்கியிருந்தால்தான் பிடி. விழுந்த அதிர்ச்சியில் கைநழுவினால் அது பிடியன்று. இவற்றை யார் சொல்வது? உரக்கச் சொல்பவரா? அணித்தலைவரா? இல்லை. தட்டையும் தரையையும் ஒருசேர நன்கு காணும் இடத்தில் நின்ற வீரர் சொல்ல வேண்டும் என்கிறது விதி. அவர் எந்த அணியினராகவும் இருக்கலாம். பல வேளைகளில் பிடித்தவருக்கே தெரிவதில்லை. முகம் புல்லில் பதிந்திருக்கும். அப்போது, “நான் பார்க்கவில்லை, நீங்கள் சொல்லுங்கள்” என்று எதிரணியாளரிடம் கேட்பது இவ்வாட்டத்தில் இயல்பான வழக்கம். என் எண்ணத்தில், “நான் பிடிக்கவில்லை” என்று ஒப்புக்கொள்வதைவிட “எனக்குத் தெரியாது” என்று சொல்வதே கடினம். முன்னதற்குப் பாராட்டாவது கிடைக்கும்.

இருவரும் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பிடி என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார் என்று வையுங்கள். சுருக்கமாகப் பேசிப் பார்க்கலாம், அருகிலிருந்தவரைக் கேட்கலாம். அதன்பின்னும் உடன்பாடு இல்லையெனில், தட்டு எறிந்தவரிடமே திரும்பிச் செல்லும். அந்த எறிதல் நிகழவேயில்லை என்பது போல ஆட்டம் தொடரும். பிடிக்கும்போது இடித்துத் தள்ளினார் என்ற முறையீட்டுக்கும் இதுவே வழி. இடித்தவர் ஒப்புக்கொண்டால் தட்டு பிடிக்க வந்தவருக்கு, மறுத்தால் எறிந்தவருக்கு. இதில் யாரும் பொய்யர் என்று தீர்ப்பாகவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு நேர்மையாளர்கள் ஒரே நிகழ்ச்சியை இருவேறாகக் காண முடியும் என்று விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் பங்காளிச் சண்டைகளில் பாதி, இதனை ஏற்க முடியாமையால் வளர்ந்தவையே; அது நிற்க.

இம்முறையில் ஓட்டை இல்லையா? உண்டு. தோற்கும் நிலையில் உள்ளவர் எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொன்னால், இழக்க வேண்டிய தட்டு மீண்டும் தம் அணியிடமே வந்துவிடும். இதனை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போட்டிகள் சிலவற்றில், வீரர்களால் முடியாதபோது தீர்த்துவைக்கக் கண்காணிப்பாளர் நிற்கின்றனர். 2012-இல் அங்கே தொடங்கிய தொழில்முறைத் தொடரில் நடுவர்களே வந்துவிட்டனர். ஆயினும் அங்கும் ஒரு விதியை விட்டுவைத்திருக்கின்றனர்: நடுவர் தம் அணிக்குச் சாதகமாகப் பிழைபடச் சொன்னால், வீரரே முன்வந்து அத்தீர்ப்பை மாற்றலாம்.

நடுவரில்லாப் போட்டிகளில் ஓட்டையை அடைக்கும் வழி வேறு. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு மதிப்பெண் இடுகிறது. விதியறிவு, உடல்மோதல் தவிர்த்தல், நடுநிலை, தன்னடக்கம், பேசும் முறை என ஐந்து கூறுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரை. இயல்பான நல்லாட்டத்துக்கு இரண்டே தருவார்கள். ஆகவே இருபதுக்குப் பத்து என்பது குறைவன்று. தேர்வுத்தாள் பார்த்துப் பழகிய நம் பெற்றோர் இதனைக் கண்டு கலங்க வேண்டா. மிகுந்த மதிப்பெண் பெற்ற அணிக்குத் தனிப் பரிசும் உண்டு. கோப்பையை வென்ற அணியே அதனையும் பெறும் என்பதில்லை.

மதிப்பெண் இடுவதற்குமுன் இன்னொன்று நடைபெறுவதுண்டு. இரு அணியினரும் ஒருவர் மாற்றி ஒருவராகத் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பர். சற்றுமுன் வழக்காடிய இருவர் அடுத்தடுத்தும் நிற்கக்கூடும். அப்போது அந்தப் பிடியைப் பற்றிய பேச்சும் எழும்: எங்கே நின்றேன், என்ன கண்டேன், ஏன் மறுத்தேன் என்று. தட்டு எப்போதோ கைமாறிவிட்டது, புள்ளிக்கணக்கும் மாறப்போவதில்லை. ஆயினும் பேசுகின்றனர்.