நல்ல சாப்பாட்டுக் கடை எது?

(கவுஞ்சியில் நடைபெற்ற கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச வேண்டிய விஷயம் சாப்பாடு என்று தலைவர் அவர்கள் சொன்னபோது உங்களில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டிய அவசியமில்லை. கடவுளைப் பற்றிப் பேசினால் நம்புகிறவனும் நம்பாதவனும் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலோ இரண்டு கட்சிக்காரரும் ஒரே பெஞ்சியில் நெருங்கி உட்கார்ந்து கொள்ளுவார்கள். கூட்டம் ஆரம்பிக்கு முன் பஸ் நிற்கும் இடத்தில் தோழர்கள் பேசிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். திண்டுக்கல்லுக்குப் போனால் பிரியாணி சாப்பிடாமல் மலை ஏறக்கூடாது என்றார் ஒருவர். மதுரைக் கறிதோசைக்கு முன் அது நிற்காது என்றார் இன்னொருவர். விருதுநகரில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டாவுக்காகவே அங்கே சம்பந்தம் செய்து கொள்ளலாம் என்றார் மூன்றாமவர். ஒரு வாலிபர், கொடைக்கானல் டவுனில் திபெத்தியர் கடையில் மோமோ சாப்பிட்ட கதையைச் சொல்லி, அது என்னவென்று கேட்ட பெரியவருக்கு, "தாத்தா, கொழுக்கட்டைக்குள் பூரணத்துக்குப் பதில் கறி" என்று வியாக்கியானமும் செய்தார். பெரியவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நாக்கைத்தான் சப்புக் கொட்டினார்.

இதெல்லாம் நல்ல பேச்சுத்தான். நானும் சாப்பாட்டுப் பிரியன்தான். திண்டுக்கல் பிரியாணியையே எடுத்துக் கொள்ளுங்கள். 1957இல் நாகசாமி நாயுடு என்பவர் அங்கே ஒரு சிறு பிரியாணி ஓட்டல் தொடங்கினார். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையே பிற்பாடு கடைக்குப் பெயராகி, இன்று ஊர் ஊராய்ப் பலகை தொங்குகிறது. அந்தப் பிரியாணியில் அரிசி நம் நாட்டுச் சீரகச் சம்பா. சமைக்கும் முறை பாரசீகத்து வழியாக வந்தது. காரத்துக்குப் போடும் மிளகாயோ அமெரிக்காக் கண்டத்தில் விளைந்து, போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. நம் மலையில் மண்ணைத் தோண்டினால் வருகிற உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்துச் சரக்குத்தான். ஆகவே "எங்கள் ஜாதிச் சாப்பாடு பரிசுத்தமானது, பிறத்தியார் கலப்பில்லாதது" என்று ஒருவன் சொன்னால், அவன் இலையில் இருக்கும் உருளைக்கிழங்குப் பொரியலையும் தக்காளி ரசத்தையும் எடுத்து அப்பால் வைத்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.

ஆனால் தோழர்களே! பஸ் நிறுத்தத்தில் பேசியவர்கள் ருசியைச் சொன்னார்கள், விலையைச் சொன்னார்கள், குழம்பு இரண்டாம் தடவை கேட்டால் ஊற்றுவானா என்பதைக்கூடச் சொன்னார்கள். அந்தக் கடையில் யார் உட்காரலாம், யார் வெளியில் நிற்க வேண்டும் என்பதை மாத்திரம் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கவலை அவர்களுக்கு ஏற்பட்டதில்லை, அதனால்தான் சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவன்தான்.

எனக்கு எட்டு வயதிருக்கும். மலையடிவாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அப்பாவுடன் சந்தைக்குப் போனேன். எங்களுக்காக மூட்டை சுமந்து வந்தவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். டீக்கடைக்குப் போனோம். எனக்கும் அப்பாவுக்கும் கண்ணாடிக் கிளாஸ். சித்தப்பா கூரை ஓரத்தில் சொருகியிருந்த கொட்டாங்கச்சியைத் தாமே எடுத்துக் கழுவிக்கொண்டு தெருவில் குந்தி நீட்டினார். கடைக்காரர் உயரத்தில் இருந்து ஊற்றினார். "சித்தப்பாவுக்கு மட்டும் ஏன் அது?" என்று நான் உரக்கக் கேட்டுவிட்டேன். கடைக்காரர் சிரித்தார். அப்பா என்னை முறைத்தார். சித்தப்பா மாத்திரம், "இதில் குடித்தால்தான் சூடு ஆறாது, சாமி" என்றார். நான் நம்பிவிட்டேன். ஒரு வாரம் வீட்டில் கொட்டாங்கச்சியில் குடிப்பேன் என்று அடம் பிடித்து அடியும் வாங்கினேன்.

இதைவிட வெட்கமான பாகம் ஒன்று உண்டு. விவரம் தெரிந்த பிறகும் அந்தக் கடைக்கு நாங்கள் பல வருஷங்கள் போய்க்கொண்டிருந்தோம். ஏன் என்றால், வடை நன்றாக இருந்தது. எனக்குத் தெரிந்த எத்தனையோ பேருக்கு அந்தக் கடையை நானே சிபாரிசும் செய்திருக்கிறேன்.

"சாப்பாட்டுப் பேச்சில் ஜாதியை ஏனய்யா இழுக்கிறாய்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் இழுக்கவில்லை. கடைக்காரன் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தான். சர்க்கார் ரயிலடியில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. ரயில்வே சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாளுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு ஓரிடம் என்று இருந்தது, நம் இயக்கத்தாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. டிக்கட்டுக்குக் காசு கொடுப்பதில் ஜாதி கிடையாது, இட்டிலிக்குக் காசு கொடுப்பதிலும் கிடையாது. உட்காரும்போது மாத்திரம் அது எங்கிருந்தோ வந்துவிடும். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற எழுத்தை எடுக்கச் சொல்லி மாதக் கணக்கில் மறியல் நடந்தது. பெரியார் தொடங்கிய மறியல் அது. நாள் தவறாமல் தோழர்கள் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். ஒரு சொல்லுக்காக இவ்வளவா என்று அப்போதும் கேட்டார்கள். முடிவில் அந்தச் சொல் பலகையை விட்டுப் போயிற்று. அதனால் அங்கே காப்பியின் ருசி குறைந்துவிட்டது என்று யாரும் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அதற்கே சிவில் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். பொது ஓட்டலுக்குள் வரவிடாமல் தடுப்பது மாத்திரமல்ல, அங்கே வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று அதன் நான்காம் பிரிவில் இருக்கிறது. ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. சித்தப்பாவின் கொட்டாங்கச்சி ஆறு மாதச் சங்கதி என்பது அந்தக் கடைக்காரருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இப்போது தெரிந்து கொண்டிருக்கிறார்கள். ஆகையால் சில ஊர்களில் தந்திரம் மாறியிருக்கிறது. கொட்டாங்கச்சி போய்க் காகிதக் கப் வந்திருக்கிறது. எல்லாருக்கும் காகிதக் கப் என்றால் நமக்கு ஆட்சேபணை இல்லை. சிலருக்கு மாத்திரம் கேட்காமலே காகிதக் கப்பும், மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸும் நீட்டினால், அது சுகாதாரம் அல்ல, கூரையில் சொருகத் தேவையில்லாத கொட்டாங்கச்சி.

எங்கே போனால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வழி சொல்லுவது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை என்ற வகை முழுவதும் அதுதான். பண்டிதர்கள் அதை மூடி வைத்துப் பாராயணம் செய்வார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சோறு! பரிசு வாங்கித் திரும்பும் ஒருவன், பசியோடு எதிரில் வருகிறவனுக்கு, இந்த வழியாய்ப் போ, இன்னார் வீட்டில் இன்னது கிடைக்கும் என்று சொல்லுகிறான். பெரும்பாணாற்றுப்படையில் இடையர் வீட்டில் தினைச் சோறும் பாலும், உழவர் வீட்டில் நெல்லுச் சோறும் கோழிக் கறியும், கடற்கரையில் மீன் என்று வரிசை போகிறது. பார்ப்பனர் வீட்டு மாங்காய் ஊறுகாயும் அதில் உண்டு. மலைபடுகடாம் நம்மைப்போன்ற மலைவாசிகளைப் பற்றியது. மலை ஊர்களில் தினைச் சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் கொடுப்பார்கள், வாசலில் தயங்கி நிற்காமல் சொந்த வீட்டுக்குள் நுழைவதைப்போல் நுழையலாம் என்று கூத்தருக்குச் சொல்லப்படுகிறது.

நான் பழம்பெருமை பேசவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் சமமாய் வாழ்ந்தார்கள் என்று சொல்லவும் வரவில்லை. ஒரே ஒரு வேற்றுமையைத்தான் காட்டுகிறேன். அந்தச் சிபாரிசில் பண்டத்தின் பெயரோடு "உள்ளே போகலாம்" என்பதும் சேர்ந்திருக்கிறது. பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வீடு சாப்பிட்ட அதே பாணர் குலத்தவர் என்று சொல்லப்படும் திருப்பாணாழ்வார், பிற்காலத்துக் கதையில் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் நிற்கிறார். நடுவில் யார் வந்து கதவைச் சாத்தினார்கள் என்பதைப் பண்டிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, கடைச் சாப்பாடு போதும். வீட்டுக்கு வருவோம்.

இந்த மேல்மலையில் விளையும் பூண்டுக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று 2019இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பெருமையுள்ள பண்டத்தைத் தாமச குணம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் ஆசாரக்காரர்கள். கோபத்தையும் காமத்தையும் கிளப்புமாம். பூண்டு தின்னாதவர்கள் கோபப்பட்டு நாம் பார்த்ததே இல்லையா? பூண்டின் வாசனைக்குக் காரணம் குணமும் அல்ல, பாவமும் அல்ல. பல்லை நசுக்கும்போது அதற்குள் தனித்தனியாய் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்று சேர்ந்து அல்லிசின் என்ற காரப்பொருள் உண்டாகிறது. ஆகையால் நசுக்கியவுடனே எண்ணெயில் போடாமல் ஐந்து நிமிஷமாவது விட்டுப் போடுங்கள், வாசனை கூடும். பல்லை முழுதாய்ப் போட்டால் சாந்தமாய் இனிக்கும், குழம்புக்கு அது நல்லது. அறுத்த பூண்டைத் தாளோடு கட்டி அடுப்புப் புகை படுமாறு தொங்கவிடும் உங்கள் பாட்டிமார் வழக்கத்தை விடவேண்டாம். அதே சமயம், பூண்டு தின்றால் சகல வியாதியும் போகும் என்று டவுனில் பாட்டிலில் அடைத்து விற்கிறவனையும் நம்ப வேண்டாம். ஆசாரக்காரன் ஒரு புளுகு சொன்னால் வியாபாரி இன்னொரு புளுகு சொல்லுகிறான்.

இன்னொன்று. மலையில் பருப்பு வேகாவிட்டால் கண்ணேறு என்றும், மருமகள் கைராசி என்றும் சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாய்மார்களே! இது மருமகள் குற்றமல்ல, காற்றின் குற்றம். உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு போதாது. கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 2,133 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிர சூடு ஏறாது. 1679ஆம் வருஷமே தெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர், ஆவியை உள்ளே அடைத்து அழுத்தத்தைக் கூட்டும் பாத்திரம் செய்து காட்டினார். அதன் பேத்திதான் உங்கள் குக்கர். ஆகவே முதல் நாள் இரவே பருப்பையும் மொச்சையையும் ஊறப்போடுங்கள், குக்கரில் வையுங்கள். மிளகாய் சுற்றிப் போடுவதை நிறுத்தி அந்த மிளகாயைக் குழம்பில் போடுங்கள்.

ராகிக் களியை விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கிற வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. நெல்லுச் சோறு கௌரவம், களி ஏழைச் சாப்பாடு என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! இப்போது டவுனில் பெரிய ஓட்டல்காரர்கள் அதே ராகியைக் கிண்ணத்தில் வைத்து அதிக விலைக்கு விற்கிறார்கள். ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். கொஞ்சம் நொய்யை முதலில் குழைய வேகவிட்டு, மாவை நடுவில் குவித்துப் போட்டு, கிண்டாமல் மூடி வேகவிடுங்கள். பிறகு துடுப்பால் ஒரே மூச்சில் கிண்டினால் கட்டி விழாது. கிண்டுவதற்குக் கையில் பலம் வேண்டும். அதனால் இது ஆண்பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை என்பது என் அபிப்பிராயம்.

சிரிக்காதீர்கள். "எங்கம்மா கைமணம்" என்று மேடை ஏறிப் புகழ்கிற நாம், அந்தக் கைக்கு ஒருநாள் லீவு கொடுத்திருக்கிறோமா? வீட்டிலே பெண் சமைத்தால் கடமை, கலியாண வீட்டில் ஆண் சமைத்தால் சம்பளம். இது என்ன கணக்கு?

கை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் 2023இல் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், சமைத்தவர் ஆதிதிராவிடப் பெண் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். அமைச்சரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று 1925இல் நாடே கொந்தளித்ததே, அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து இது! இந்த மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டிக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தது, 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. யார் சமைத்தாலும் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து தின்பது என்பதை அந்தக் காலத்து மாநாடுகளில் வாயால் சொன்னதோடு நில்லாமல் இலை போட்டுக் காட்டினார்கள்.

என்னை அடிவாரத்தில் வடை நன்றாயிருக்கும் கடை எது என்று இப்போது யாராவது கேட்டால், கிளாஸ் எத்தனை வகை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். அந்தப் பழைய கடையைக் கேட்டால், வடை நன்றாக இருக்கும், நான் போவதில்லை என்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்குச் சித்தப்பா கதையைச் சொல்லுகிறேன்.

நேரமாகிவிட்டது. பக்கத்துக் கொட்டகையில் களியும் பூண்டுக் குழம்பும் தயாராயிருப்பதாகத் தோழர்கள் சைகை காட்டுகிறார்கள். கிண்டியவர்கள் ஆண்கள்தான், அதனால் கட்டி இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். தாய்மார்கள் முதல் பந்தியில் உட்கார வேண்டும். மன்னவனூர், பூம்பாறை பக்கம் போக வேண்டிய தோழர்களும் அவர்களோடு உட்கார்ந்து விடுங்கள், பஸ் காத்திருக்காது.