குஷன் வேலை கற்க வழி என்ன?

சோஃபாவில் உட்காரப் பயிற்சி வேண்டாம். அதைத் தைக்கத்தான் பயிற்சி வேண்டும். அந்தக் குஷன் வேலையை எங்கே கற்பது?

பலரும் போகும் வழி, கடையில் மாஸ்டரிடம் சேர்வது. சென்னை ஜி.பி. ரோட்டில் கார் சீட் தைக்கும் பலர் இப்படி வந்தவர்கள்தான். முதல் பாடம் பிரிப்பது. ஸ்குரூடிரைவரால் பின்களை நெம்பி, பழைய உறையைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும். புதுத் துணி வெட்ட அதுதானே அளவு! பிறகு 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி ஃபோமைக் கையால் அழுத்தியே தரம் பார்க்கப் பழக வேண்டும். துணியை இழுத்து, முதலில் நடுவில் பின் அடித்து, அப்புறம் மூலைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும்.

இன்னொரு வழி ஐ.டி.ஐ. அங்கே ஓராண்டுத் தையல் தொழில்நுட்பம் படித்தால் அளவு, வெட்டு, மெஷின் மூன்றும் கைவரும். மூன்றாவது, தொழிற்சாலைப் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பதிவு செய்து சேர்ந்தால் மாத உதவித்தொகை உண்டு. முடித்தால் சான்றிதழும் கிடைக்கும்.

பிள்ளைகளுக்குக் கைத்தொழிலில் ஆர்வம் இருந்தால் தடுக்காதீர்கள். ஐ.டி.ஐ.யில் படிக்கட்டும், கடையிலும் பழகட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல தொழிலாளி!