குளத்து நீரும் கூண்டுக் கதவும்



ஜொகூரில் லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஒரு தாழ்வான இடம், அதில் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர். கரையோரம் கொக்கு நிற்கும். சில நாள் பெலிபிஸ் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சீழ்க்கைச் சிறகிகளும் வந்து இறங்கும். பொழுது விடிந்ததும் நம் வீட்டு வாத்துகளும் அதே தண்ணீருக்குத்தான் ஓடும். பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று யாரையும் பயமுறுத்த நான் வரவில்லை. அது எப்படிப் பரவுகிறது என்பதை இந்தத் தண்ணீரை வைத்தே விளக்கப் பார்க்கிறேன்.

பறவைக் காய்ச்சலும் சளிக்காய்ச்சல் வகைதான். அந்தக் கிருமி நமக்கு மூக்கையும் நெஞ்சையும் பிடிக்கும். காட்டு வாத்துக்கு அது பெரும்பாலும் குடலில் குடியிருக்கும். வாத்திடம் நோயின் அடையாளமே பெரும்பாலும் தெரியாது. நீந்தும், மேயும், பறக்கும். ஆனால் அதன் எச்சத்தோடு கிருமி வெளியேறித் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரை அலகால் சலித்து இரை தேடும் அடுத்த வாத்தின் வயிற்றுக்குள் போகும். வாத்து, கடற்காகம், ஆலா, உள்ளான் போன்ற நீர்ப்பறவைகளிடம் காலங்காலமாக நடந்துவரும் சுழற்சி இது.

தண்ணீரில் கிருமி எத்தனை நாள் தாங்கும்? 1970களில் ராபர்ட் வெப்ஸ்டர் என்ற கிருமியியல் அறிஞரின் குழு ஏரித் தண்ணீரில் இதைச் சோதித்தது. பூஜ்யம் டிகிரி குளிரில் 30 நாளுக்கு மேலும், 22 டிகிரியில் 4 நாள் வரையும் அது தொற்றும் திறனோடு இருந்தது. நம் ஜொகூரின் வெயிலில் குளத்து நீர் அதைவிடச் சூடானது. கிருமிக்கு ஆயுள் இன்னும் குறைவு. அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. தினமும் புதிதாக எச்சம் விழும் குளத்தில் பழைய கிருமி செத்தால் என்ன, சாகாவிட்டால் என்ன?

வடக்கே கோடை முடியும் நேரம்தான் தொற்று உச்சத்துக்குப் போகும். அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகள் உடலில் எதிர்ப்புச் சக்தி இல்லாமல், வலசை கிளம்புமுன் பெருங்கூட்டமாக ஒரே ஏரியில் சேர்வது அப்போதுதான். பிறகு அவை தெற்கே புறப்படும். சைபீரியா, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வலசைப் பாதையில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் போய்வருகின்றன. நம் ஜொகூர் கடற்கரைச் சேற்று நிலங்களும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன.

அப்படியானால் குற்றவாளி வானத்திலிருந்து வருகிறவன்தானா? அவசரப்பட வேண்டாம்.

காட்டுப் பறவையிடம் உள்ள கிருமி பெரும்பாலும் சாதுவானது. அதில் எச்5, எச்7 என்ற வகைகள் கோழிப் பண்ணைக்குள் நுழைந்து, நெருக்கி அடைத்த ஆயிரக்கணக்கான உடல்களில் மாறி மாறிப் பெருகும்போதுதான் கொல்லும் வடிவம் எடுக்கின்றன. இன்று உலகைச் சுற்றும் எச்5என்1 கிருமியின் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் வளர்ப்புப் பெருவாத்திடம் (கூஸ்) கண்டெடுக்கப்பட்டது. 2005 மே மாதம் அதன் வாரிசு சிங்ஹாய் ஏரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொன்றது. செத்தவற்றில் வரித்தலை வாத்துகள் ஏராளம். இமயத்துக்கு மேலே பறந்து திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வரும் இனம் அது. 2020-ஆம் ஆண்டு இறுதியில் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை ஏரியிலும் அதே வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பண்ணை கொடுத்த நோயைக் காடு சுமந்தது. இப்போது காடு அதைப் பண்ணைக்குத் திருப்பித் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரு பக்கமும் நட்டம்தான்.

நம் மலேசியாவின் கதையையும் பாருங்கள். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் முதன்முதலாக எச்5என்1 தலைகாட்டியபோது, எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்கள் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அந்தச் சேவல்கள் பறந்து வரவில்லை. ஆள் தூக்கி வந்தார்கள். 2006-இல் சிலாங்கூரின் கோம்பாக்கிலும், பேராக், பினாங்கிலும், 2017-இல் மறுபடி கிளந்தானிலும் நோய் வந்தது. ஒவ்வொரு முறையும் கால்நடைத் துறை கோழிகளை அழித்து அதைக் கட்டுப்படுத்தியது.

ஆகவே லாயாங் லாயாங்கில் வாத்தும் கோழியும் வளர்க்கும் அக்கா, அண்ணன்மாருக்குச் சில வார்த்தைகள். கொக்கை விரட்டாதீர்கள், சிறகியைச் சுடாதீர்கள். கலைந்த கூட்டம் பத்து இடத்துக்குப் போகும். கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும். அதற்குப் பதிலாக வீட்டு வாத்துக்குத் தனித் தண்ணீர் வையுங்கள். வாத்தையும் கோழியையும் ஒரே கூண்டில் அடைக்காதீர்கள்; நோய் அடையாளம் காட்டாத வாத்திடமிருந்து கிருமி கோழிக்குப் போனால் கோழி பிழைக்காது. தீவனத்தை மூடி வையுங்கள். குளத்துச் சேறு மிதித்த காலணியோடு கூண்டுக்குள் போகாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சேவலை, விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடவோ, நாய்க்குப் போடவோ, ஆற்றில் வீசவோ வேண்டாம். பிள்ளைகளை விலக்கி வைத்துவிட்டு, குளுவாங் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். இறைச்சியும் முட்டையும் நன்றாக வெந்தால் இந்தக் கிருமி பிழைக்காது. அந்த வகையில் நன்றாகச் சமைத்த உணவு பத்திரமானதுதான்.

வானத்தில் பறப்பதை நாம் தடுக்க முடியாது. கூண்டுக் கதவு நம் கையில் இருக்கிறது. அதை ஒழுங்காகச் சாத்தினால் நம் கோழிக்கும் நல்லது, அந்தக் காட்டு வாத்துக்கும் நல்லது.