கணினி ஓய்ந்த வேளையிலே
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடையிலும் கந்தோரிலும் கணினி கொண்டே கணக்கெழுதும் காலம் இது. அஃது ஒருநாள் ஓய்ந்துவிட்டால் தொழில் எவ்வாறு நடைபெறும் என்பதையே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

2017ஆம் ஆண்டு யூன் 27ஆந் திகதி, உக்ரேனிலே கணக்கெழுதும் மென்பொருளொன்றின் வழியாகப் புறப்பட்ட 'நொட்பெற்யா' என்னும் நச்சுநிரல், டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பற் கம்பனியையும் பீடித்தது. கப்பல்கள் கடலில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் துறைமுக வாயிலில் வரிசையாய் நின்ற லொறிகளுக்கு எந்தக் கொள்கலன் யாருடையது என்று சொல்வாரில்லை! ஊழியர்கள் கடதாசியில் எழுதினர். சொந்தக் கைத்தொலைபேசிகளில் கட்டளைகளைப் பெற்றனர். பத்து நாளில் 4,000 சேவைக் கணினிகளையும் 45,000 மேசைக் கணினிகளையும் புதிதாக அமைத்ததாகக் கம்பனித் தலைவர் பின்னர் கூறினார். நட்டமோ 25 முதல் 30 கோடி டொலர்.

இதிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எந்த ஊழியருக்கு எந்த அதிகாரம் என்னும் பதிவேட்டை ஏறக்குறைய 150 கணினிகள் வைத்திருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று காக்கும் என்பது எண்ணம். எல்லாம் ஒரே வலையிற் பிணைந்திருந்தமையால் ஒருங்கே அழிந்தன. எஞ்சியது கானா நாட்டிலிருந்த ஒன்றே. மின்தடையால் அது அப்போது வலையினின்று விலகியிருந்தது. மின்தடையை வைதே பழகிய நமக்கு இது வேடிக்கையாய்த் தோன்றும்! எத்தனை பிரதி என்பதன்று, வலைக்கு வெளியே ஒன்றேனும் உண்டா என்பதே கேள்வி.

நம் நாட்டிலும் 2023இல் அரசாங்க மின்னஞ்சற் சேவை தாக்குண்டது. சேவை மீண்டது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. தனியே வைத்த பிரதி இருக்கவில்லை.

ஆகவே எம்மவர் செய்யக்கூடியது யாது? முதலில், பொறுக்கக்கூடிய வேலை எது, பொறுக்காதது எது என்று பிரித்துக்கொள்ளல் வேண்டும். சங்கக்கடையில் அரிசி விற்பது பொறுக்காது. ஆண்டறிக்கை ஒரு வாரம் பொறுக்கும். பொறுக்காத வேலைக்கு வேண்டிய விலைப்பட்டியல், கடனாளர் பெயர், தொலைபேசி இலக்கங்கள் ஆகியவை அச்சிட்ட தாளில் இருக்கட்டும். பற்றுச்சீட்டுப் புத்தகமொன்று லாச்சியில் கிடக்கட்டும். கணக்கின் பிரதியைக் கணினியினின்று கழற்றி வேறொரு கட்டடத்தில் வைத்தல் நன்று. அப்பிரதி திறக்கிறதா என்று இடைக்கிடை பார்த்தலும் அவசியம். திறவாத பிரதி இருந்தும் பயனென்ன?

ஆண்டுக்கொருமுறை அரைநாள் கணினியை அணைத்துவிட்டு வியாபாரஞ் செய்து பார்க்கலாம். ஆனால் எங்கள் வயதினரிற் பலர் பேரேட்டைக் கண்டதேயில்லை. பற்று எப்பக்கம், வரவு எப்பக்கம் என்றறியாதவர் அந்த அரைநாளில் என் செய்வர்? அதை நன்கறிந்த பெரியோர் பலர் இச்சபையில் வீற்றிருக்கின்றீர்கள். ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் வாசிகசாலையில் எங்களுக்குக் கற்றுத்தருமாறு வேண்டுகின்றோம். கொப்பியும் பேனையும் நாங்களே கொண்டுவருவோம்.