மொத்தக் கடையில் கணினி: யாருடைய கணக்கு, யார் கையில்?

(மொத்த வியாபார நிலையங்களின் ஊழியர்களும் சிறு விநியோகஸ்தர்களும் கூடிய கூட்டத்தில், கணினிக் கணக்கு அமைப்பும் பராமரிப்பும் செய்து வரும் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு.)

 

மொத்த வியாபாரம் என்றால் என்ன? பெட்டி பெட்டியாக வாங்கி டஜன் டஜனாகப் பிரித்துக் கொடுப்பது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் கிடங்கில் நிற்பவருக்குத் தெரியும், அது அத்தனை சுலபமான காரியமல்ல என்று. சரக்கு தீர்ந்துவிடவும் கூடாது, தேங்கிவிடவும் கூடாது. கடைக்காரருக்குக் கடன் கொடுக்காமல் விற்க முடியாது; கொடுத்த கடன் திரும்பாமல் கம்பெனிக்குப் பணம் கட்ட முடியாது. மருந்தானாலும் சரி, பிஸ்கட்டானாலும் சரி, காலாவதித் தேதி துரத்திக்கொண்டே வருகிறது. கிடைக்கும் லாபமோ நூற்றுக்குச் சில ரூபாய்கள்தான். ஒரு பெட்டி கணக்கில் தவறினால் பல பெட்டிகளின் லாபம் அதோடு போய்விடும்.

இத்தனை பாரத்தையும் ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளையின் ஞாபகமும் பேரேடும் தாங்கி நின்றன. இன்று அந்த இடத்துக்குக் கணினி வந்திருக்கிறது. அதை எதிர்த்துப் பிரசங்கம் செய்ய நாங்கள் வரவில்லை. இரவு பத்து மணிக்குமேல் உட்கார்ந்து பாக்கிப் பட்டியல் எழுதிய ஊழியருக்குத் தெரியும், இயந்திரம் எவ்வளவு பெரிய துணை என்று. கணினி வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல இன்றைய பிரச்னை. அதை யார் அமைக்கிறார்கள், யாரைக் கேட்டு அமைக்கிறார்கள், அமைத்த பின் கணக்கு யார் கையில் இருக்கிறது? இதுதான் பிரச்னை.

எப்படிக் கட்டாயமாயிற்று?

நம் நாட்டில் கடைக் கணக்குக்கான மென்பொருள் ஒரு வியாபாரியின் தேவையிலிருந்தே பிறந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1986-ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்ததே டாலி. தந்தை ஆலைகளுக்கும் ஜவுளி மில்களுக்கும் மூலப்பொருள்களும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்தவர். தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காததால் மகனையே எழுதச் சொன்னார். அன்று அது வசதி. வேண்டுபவர் வாங்கினார், வேண்டாதவர் பேரேட்டோடு நின்றார்.

இன்று அப்படி நிற்க முடியுமா? 2017 ஜூலை 1-ல் சரக்கு சேவை வரி வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநில எல்லை தாண்டி 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு போக மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. வியாபாரிகள் தமக்குள் செய்யும் விற்பனைக்கான மின்பில் முறை 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களிடம் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடிக்கு மேற்பட்டவர்கள் வரை வந்து சேர்ந்தது. மொத்த வியாபாரத்தில் ஐந்து கோடி என்பது பெரிய தொகையல்ல. லாபம் மெலிந்தது, புரள்வது மட்டுமே பெரிது! 2022 ஜனவரி 1 முதல் இன்னொரு விதி: விற்றவர் தம் கணக்கைப் பதிவு செய்து அது வாங்கியவரின் பட்டியலில் தோன்றினாலொழிய, வாங்கியவருக்கு வரி வரவு கிடையாது. அதாவது, பக்கத்துக் கிடங்கில் நடக்கும் தவறு நம் பையில் ஓட்டை போடும்.

2025 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 3-ஆம் தேதி கூடிய கவுன்சில் முடிவெடுத்தது. 22-ஆம் தேதி புதிய விகிதங்கள் அமலுக்கு வந்தன. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவை 18 சதவிகிதத்திலிருந்து 5-க்கு இறங்கின. ஜனங்களுக்கு நன்மைதான். ஆனால் விநியோகஸ்தரின் கிடங்கில் கிடந்த சரக்கு 18 சதவிகித வரி கட்டி வாங்கியது. விற்க வேண்டியது 5 சதவிகிதத்தில்! கட்டிய வரி பேரேட்டில் வரவாக நின்றது. கையில் புரள வேண்டிய ரொக்கம் முடங்கியது. ஆயிரக்கணக்கான உருப்படிகளுக்கு விகிதம் மாற்ற வேண்டும், பழைய விலை அச்சிட்ட சரக்கைத் தனியே காட்ட வேண்டும், மறுநாள் காலையில் வண்டி கிளம்ப வேண்டும். பராமரிப்பு என்பது என்ன என்று இப்படிப்பட்ட இரவுகளில்தான் விளங்கும். மென்பொருளை விற்றுவிட்டுத் தொலைபேசியை எடுக்காதவன் ஆலோசகன் அல்ல, வெறும் தரகன்!

ஒரு மாபெரும் வீழ்ச்சி

இது சிறு வியாபாரிகளுக்கு மட்டுமே உரிய கஷ்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஃபாக்ஸ்மேயர் என்ற மருந்து மொத்த வியாபார நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். அந்நாட்டின் மிகப் பெரிய மருந்து விநியோக நிறுவனங்களில் அது ஒன்று. 1993-ல் பழைய கணினியை மாற்றத் திட்டம் போட்டது. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் ஆர்-3 மென்பொருள், ஆண்டர்சன் கன்சல்டிங் என்ற ஆலோசனை நிறுவனம், கூடவே கிடங்கை இயந்திரமயமாக்க வேறொரு மென்பொருள் என எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. பல கோடி டாலர் செலவு.

நடந்தது என்ன? பழைய இயந்திரம் ஓர் இரவில் 4,20,000 ஆர்டர்களைக் கையாண்டது. புதியது 10,000 அளவிலேயே திணறியது என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. இதற்கிடையே, இனி வரப்போகும் சிக்கனத்தை நம்பி, குறைந்த விலைக்குப் பெரிய ஒப்பந்தங்களை நிறுவனம் பிடித்துவிட்டது. மிச்சமாகாத பணத்தை முன்னதாகவே செலவழித்துவிட்டது என்று பொருள்! ஒஹையோ மாநிலத்தில் புதிய தானியங்கிக் கிடங்கு எழுந்தது. பழைய கிடங்குகள் மூடப்படும் என்பது அங்கிருந்த தொழிலாளருக்குத் தெரிந்துவிட்டது. வேலை போகப் போகிறது என்று அறிந்தவன் எந்த மனதோடு சரக்கை அடுக்குவான்? கிடங்கு மாற்றத்தில் சரக்குக் கணக்கு குழம்பியது. 1996 ஆகஸ்டில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதன் பிரதான வியாபாரத்தை மெக்கெஸன் என்ற போட்டி நிறுவனமே வாங்கிக்கொண்டது. 1998-ல் மென்பொருள் நிறுவனத்தின் மீதும் ஆலோசனை நிறுவனத்தின் மீதும் ஐம்பது கோடி டாலர் வீதம் நஷ்டஈடு கேட்டு வழக்குகள் வந்தன. அவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். இறுதியில் சமரசம் ஆயிற்று.

கணினி ஒன்றுதான் அந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் பாடம் தெளிவாக இருக்கிறது. பழையதை நிறுத்துமுன் புதியதைச் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. கிடங்கில் வேலை செய்பவனைப் பகைத்துக்கொண்டு எந்த இயந்திரமும் வெற்றி பெறாது.

கிடங்கிலிருந்து தொடங்குவோம்

ஆலோசனை சொல்ல வருபவர் முதலில் எங்கே உட்கார வேண்டும்? முதலாளியின் அறையிலா? இல்லை. லாரி வந்து நிற்கும் இடத்தில் உட்கார வேண்டும்.

உதாரணமாக ஒரு விஷயம். பல கடைகளில் கணினியைத் திறந்தால் சில பொருள்களின் இருப்பு பூஜ்யத்துக்கும் கீழே காட்டும். இல்லாத சரக்கை எப்படி விற்க முடியும்? உடனே, பில் போடும் பையன் மீது பழி விழும். நின்று பார்த்தால்தான் உண்மை தெரியும். லாரி மாலையில் வருகிறது, சரக்கு இறங்குகிறது, கொள்முதல் பில்லோ முதலாளியின் மேஜையில் கிடக்கிறது, மறுநாள் காலை வண்டிக்குச் சரக்கு ஏறிவிடுகிறது. கொள்முதல் பதிவாகுமுன் விற்பனை பதிவாகிவிட்டது. இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை. சரக்கு இறங்கும் இடத்திலேயே, எண்ணி வாங்குபவர் கையாலேயே வரவு பதிய வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

அதைப்போலவே பொருள்களின் பெயர்ப் பட்டியல். ஒரே எண்ணெய் டின் ஐந்து பெயர்களில் பதிந்திருக்கும். பெட்டி, டஜன், பாக்கெட், சிப்பம் என்ற அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும். ‘பத்துக்கு ஒன்று இலவசம்’ என்ற சலுகையில் போகும் அந்த ஒன்று பில்லில் விலையின்றிப் போகிறது. இருப்பிலும் கழிய வேண்டாமா? கம்பெனி சொன்னபடி கடைக்காரருக்கு விநியோகஸ்தர் தம் கையிலிருந்து தள்ளுபடி கொடுக்கிறார். அதைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கத் தனிக் கணக்கு இல்லையென்றால் அந்தப் பணம் என்றுமே வராது. காலாவதியாகித் திரும்பும் சரக்கும் இதே கதைதான். முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும் என்பதைக் கணினி சொல்லலாம். ஆனால் அடுக்கில் எது முன்னே இருக்கிறது என்பது சுமை தூக்கும் தோழருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் போடும் திட்டம் காகிதத்தோடு நிற்கும்.

ஆகவே எங்கள் முறை இது. முதலில் சரக்கை எண்ணுவது. அடுத்து, பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்வது. பிறகு ஒரு மாதமாவது பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒன்றாக நடத்தி, வித்தியாசம் வந்தால் காரணத்தைத் தேடுவது, ஆளைத் தேடுவதல்ல! மாதாந்தரக் கணக்குக் கொடுப்பவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் வரிக் கணக்கின் கெடு நாள்கள். அந்த நாள்களில் புதிய மாற்றம் எதையும் செய்யாதிருப்பது.

ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

சிறு விநியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. மென்பொருள் வாங்கும்போது விலையை மட்டும் பேரம் பேசுகிறீர்கள். வருடச் சந்தா நின்றால் பழைய கணக்கைத் திறந்து பார்க்க முடியுமா? வேறு மென்பொருளுக்கு மாறினால் முழுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போகலாமா? தினசரி நகல் எங்கே இருக்கிறது, அதிலிருந்து ஒரு முறையாவது கணக்கை மீட்டுப் பார்த்தீர்களா? கோளாறு என்று கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? இவற்றைத் திட்டவட்டமாக எழுதி வாங்குங்கள். மீட்டுப் பார்க்காத நகல் இருந்தும் இல்லாததே. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற உரிமையோடு வரும் கட்டற்ற மென்பொருள்களும் இருக்கின்றன; மும்பையில் உருவான ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் அவற்றில் ஒன்று. அதற்கும் அமைப்பவரும் பராமரிப்பவரும் வேண்டும், செலவில்லாமல் வராது. ஆனால் பூட்டின் சாவி உங்களிடம் இருக்கும்.

ஏன் சாவியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்? பெரிய நுகர்பொருள் கம்பெனிகள் விநியோகஸ்தர்களுக்குத் தங்கள் மென்பொருளையே கொடுக்கின்றன. எந்தத் தெருவில் எந்தக் கடை எந்தச் சோப்பை எத்தனை வாங்கியது என்பதெல்லாம் அதன் வழியே கம்பெனிக்குப் போய்ச் சேருகிறது. கடைக்காரர் நேரடியாக ஆர்டர் போடச் செயலிகளும் வந்துவிட்டன. இந்துஸ்தான் யூனிலீவரின் ‘ஷிகர்’ ஓர் உதாரணம். பெரும் மூலதனத்தோடு இணைய மொத்த வியாபாரிகளும் களத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலையா என்று 2021 டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் சம்மேளனம் கேட்டது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்து விநியோகஸ்தர்கள் சில பெரிய கம்பெனிகளின் சில பொருள்களை எடுக்க மறுத்தார்கள். கம்பெனிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தன. தலைமுறையாக நடந்து நடந்து சேர்த்த கடைப் பட்டியல்தான் விநியோகஸ்தரின் உண்மையான சொத்து. அந்தச் சொத்தின் நகல் வேறொருவர் கையில் இருக்கும்போது, தம்மிடமும் ஒரு முழு நகல் இல்லாதவர் எதைக் கொண்டு பேரம் பேசுவார்?

ஊழியர்களின் உரிமை

இதே கேள்வியை ஊழியர்கள் முதலாளியிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. விற்பனைப் பிரதிநிதியின் கைப்பேசி அவர் நிற்கும் இடத்தையெல்லாம் பதிந்துகொண்டிருக்கிறது. கடை மூடியிருந்ததும், மழை பெய்ததும், கடைக்காரர் பாக்கி தராமல் அரை மணி நேரம் காக்க வைத்ததும் அதில் பதிவாவதில்லை! பில் போடுபவரின் பெயர் ஒவ்வொரு திருத்தத்தின் மேலும் நிற்கிறது. ஆனால் ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் உபயோகிக்கும்படி வைத்திருப்பது யார் குற்றம்? ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். பயிற்சி வேலை நேரத்திலேயே, தமிழிலேயே நடக்க வேண்டும். கணினிப் பதிவு ஒன்றை மட்டும் வைத்துச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. சரக்கை எண்ணி, ஊழியரின் விளக்கத்தையும் கேட்ட பிறகே முடிவு எடுக்க வேண்டும். இரவில் மிச்சமான இரண்டு மணி நேரம் ஊழியர் வீட்டுக்குப் போவதற்கே அன்றி, இரண்டு ஆளின் வேலையை ஒருவர் தலையில் கட்டுவதற்கல்ல. இவை பெரிய கோரிக்கைகளல்ல. ஒழுங்காக நடக்கும் கடைக்கு இவைதாம் அஸ்திவாரம்.

நண்பர்களே! கணக்கு என்பது வெறும் எண்ணல்ல. லாரியிலிருந்து இறக்கியவர், அடுக்கியவர், ஆர்டர் பிடித்தவர், பில் போட்டவர், வசூலித்தவர் ஆகிய அனைவரின் உழைப்பும் அதில் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் கடைக்கு மென்பொருள் விற்க வருபவரை முதலில் கிடங்குக்கு அழைத்துப் போங்கள். சரக்கு இறங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். நிற்க மறுப்பவரின் மென்பொருள் உங்கள் கடைக்கு வேண்டாம். நிற்பவரிடம் ஊழியர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பேசியதை எழுதி வாங்குங்கள். நாளைக்கே ஒரு நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று பாருங்கள்.