துபாயா, சிங்கப்பூரா?

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, சிங்கப்பூரில் உண்டு. குடும்பத்தோடு போகிறவருக்கு இந்த ஒரு கணக்கு போதாது. மனைவி மக்களை உடன் அழைத்துக்கொள்ள சிங்கப்பூரில் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும். துபாயில் 4,000 திர்ஹம், வீடும் கொடுத்தால் 3,000. அப்படிச் சிங்கப்பூர் போகும் மனைவி அங்கே வேலை பார்க்க, 2021 மே முதல் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும். படித்த பெண்ணின் பல ஆண்டு உழைப்பு இதில் அடங்கியிருக்கிறது; முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். துபாயில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள். கட்டணத்தை நிறுவனம் தருமா என்று கேட்டுக்கொள்வது அவசியம். சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் தமிழையே தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம். துபாய்ப் பணிக்கொடை, முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். படிகளை ஏற்றி அடிப்படையைக் குறைத்த வேலைக் கடிதத்தில் அந்தத் தொகையும் சுருங்கிவிடும்.